உள்வாடகைக்குப் பயந்து

எனக்கு வயது எண்பத்து மூன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன், ஏழும் ஆளாகிவிட்டன. எழுத்து எனக்குப் பாதிதான் தெரியும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படிப்பதற்குள் கொழுந்துக்கூடை வந்துவிட்டது. ஆனாலும் இதை வேறு கை எழுதக்கூடாது.

கல்யாணமாகித் தெமோதரைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்தேன். என் புருஷன் பஜாரில் தையல்காரர். பின்தெருவில் இரண்டு அறை வீடு, எங்களுக்குப் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து ஐயா, கிளாக்கர் வேலை, பக்கத்திலேயே குடியிருந்தார்.

வெள்ளைக்காரன் ஆட்சி போய்ப் பத்து வருஷம் இருக்கும். வாடகைக்கு வீடு கிடைப்பது பெரிய பாடு. மாட்டுக்கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடித்தால்கூட நாலு குடும்பம் வந்து நிற்கும். ஐயாவிடம் வேறு ஆட்கள் கூடுதல் வாடகை தருகிறோம் என்றார்கள். அவர் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்.

என் புருஷன் வக்கீல் கந்தோருக்கு ஓடினார். இப்போது சட்டம் இறுகிவிட்டது, வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவனை நினைத்த நேரத்துக்கு வெளியே போட முடியாது என்றார்களாம். ஆனால் சொந்தக்காரரைக் கேட்காமல் உள்வாடகைக்கு ஆள் வைத்தால் வீடு போகும். சட்டம் எங்கள் பக்கம் என்றதும் குழாயடியில் எனக்கு அதே பேச்சுத்தான். உள்ளுக்குள் அந்த உள்வாடகைப் பயம். யார் வந்தாலும் இருட்டுமுன் அனுப்பிவிடுவேன்.

என் தங்கச்சி தோட்டத்திலேயே இருந்தாள். அவள் புருஷன் செத்த மறுவருஷம் மலையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. கொழுந்து எடுக்க முடியாதவள் பேரைக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் வெட்டினார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போச்சு. எங்களைக் காத்த சட்டம் அங்கே எட்டிப் பார்க்காது.

இரண்டு பிள்ளைகளும் ஒரு மூட்டையுமாக என் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, சும்மா இருக்க மாட்டேன். கை சரியானதும் பாத்திரம் கழுவியாவது வாடகையில பாதி குடுத்துருவேன்.”

“மெதுவாப் பேசுடி.”

“ஏன், பிச்சையா கேட்டேன்? குடுக்கிறேன்னுதானே சொல்றேன்!”

எங்கள் வீட்டு ரோஷம் அவளுக்கும் இருந்தது. வேலிக்கு மேலே ஐயாவின் தலை தெரிந்தது.

“ஆர் இது, பிள்ளை? ஆக்களை வைக்கப் போறியளோ? எனக்கொரு சொல்லும் சொல்லேல்லை.” சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

“இல்லீங்க ஐயா. வேலை கேட்டு வந்திருக்காங்க. யாருன்னே தெரியாது.”

நான்தான் சொன்னேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள். சின்னவள் “பெரியம்மா” என்று தொடங்க, முறியாத கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

“ஆமாங்க. இங்க இல்லைன்னா வேற வீட்டுல கேக்குறோம். வர்றோங்கம்மா.”

போய்விட்டாள். ஐயா பார்க்கிறாரே என்றுதான் பின்னால் ஓடவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவர் உள்ளே போன பிறகும் நான் ஓடவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன்.

புருஷன் வந்து கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “கூடப் பொறந்தவ வந்து இருந்தா உள்வாடகையா? காசு வாங்காம வச்சிருந்தா யாரு என்ன செய்வான்?” ஸ்டேஷன், பஸ் நிலையம் எல்லாம் தேடினார். ஆள் இல்லை.

பூனாகலையில் ஒரு மாட்டுக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. போய்க் கூப்பிட்டேன். பலகையைத் துடைத்துப் போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள்.

“உங்களுக்கு ஏங்க சிரமம்?” என்றாள்.

சாகும்வரை ‘வாங்க, போங்க’தான். அக்கா என்ற பேச்சே இல்லை.

அந்த வீட்டிலிருந்து எங்களை யாரும் எழுப்பவில்லை. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் நாங்களும் தெருவில்தான். ஆனால் பின்னறையில் பாய் விரித்த பிறகும் மூன்று பேர் படுக்க இடம் கிடந்தது. அதைத் தினமும் கூட்டிப் பெருக்கினேன்.

பேத்தி, இங்கே வா. இதை எனக்கு வாசித்துக் காட்டு. கோணல் எழுத்துக்குச் சிரிக்காதே. தங்கச்சி என்று வருகிற இடத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி.