கூட்டுக்குக் கூடு போன வயிற்றோட்டம்

முயல் வளர்ப்போரே, முதலில் ஒரு விடுகதை: காலில்லை, கண்ணுக்கும் தெரியாது, ஆனாலும் ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டுக்குப் போய்விடும், தூக்கிக்கொண்டு போவது யார்?

நாம்தான். கால்நடை வைத்தியரின் உதவியாளனாக மோட்டார் சைக்கிளில் வாவிக்கரை ஊர்களைச் சுற்றிய காலத்தில், இதை நான் கண்ணால் கண்டது ஏறாவூரில், நான் தங்கச்சி என்று அழைக்கும் ரிசானாவின் வீட்டில். இப்போதும் அந்தப் பக்கம் போனால் என் கண் தானாக அந்த வாசலைத் தேடும்.

மீந்த புல்

கணவர் கட்டாரில் வேலையில் இருந்தார், முயல்களை ரிசானாவே பார்த்துக்கொண்டார். பால் மறந்த குட்டிகளுக்கு வயிற்றோட்டம் கண்டு சில இறந்துவிட்டன. நான் போனபோது, நோய்க் கூட்டில் தின்னாமல் கிடந்த புல்லை அள்ளி, நன்றாக உதறி, பக்கத்துக் கூட்டில் போட்டுக்கொண்டிருந்தார். கழிச்சல் பட்ட புல்லோடு நோயும் போகுமே என்றேன்.

“நல்ல புல்லு சேர், அதுகள் வாயே வெக்கல்ல. வீணாக்கினா அல்லாஹ் கேப்பான்.”

மிச்சக் கப்ஸூல்

கழிச்சலைப் பரிசோதித்ததில் வைரஸ் என்று பதில் வந்தது. அதைச் சொல்லப் போனேன். எல்லோருக்கும் அண்ணன் முறையான அடுத்த வீட்டு ஹமீது காக்கா, தன் இருமலுக்கு வாங்கி மிச்சம் வைத்த அன்டிபயோட்டிக் கப்ஸூலை முயல்களுக்குக் கொடுக்க எடுத்து வந்து நின்றார். அது வைரஸை ஒன்றும் செய்யாது, முயலின் வயிற்றில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளைத்தான் கொல்லும். தண்ணீர், காய்ந்த புல், சுத்தம், இவைதான் வைத்தியம் என்றேன். காக்கா கப்ஸூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப நீங்க என்னத்துக்கு சேர் பெற்றோல் எரிச்சு வந்த?”

ஆளுக்கொரு பக்கம்

நோய்க் கூடுகளை மாமரத்தடிக்கு மாற்றினோம். அவற்றைத் தொடுகிறவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவினாலும் மற்றக் கூடுகளை நெருங்கக் கூடாது. வீட்டில் இருந்ததோ ரிசானாவும் சின்ன மகள் ஹனாவும்தான். ஹனாவின் செல்ல முயல் சுட்டி, மாமரத்தடியில் சோர்ந்து கிடந்தது. மறுபக்கத்தில் புதிதாய்ப் பிறந்த குட்டிகள், கண் திறக்கும் தறுவாயில். அதைப் பார்க்கத்தான் அவள் பாடசாலை விட்டதும் ஓடி வருவாள்.

“சுட்டி எண்ட கையாலதான் தண்ணி குடிக்கும், உம்மா” என்றாள் ஹனா.

“அப்ப குட்டிகள் கண் முழிக்கிறதப் பாக்க ஏலா, புள்ள. எந்தப் பக்கம் எண்டு நீயே சொல்லு.”

ஹனா மாமரத்தடிக்குப் போனாள். சுட்டி பிழைத்தது, குட்டிகள் கண் திறந்ததை உம்மா சொல்லித்தான் அவள் கேட்டாள்.