எலிக்காரரும் வட்டப் பெட்டியும்

உலகத்தில் உள்ள எலிகள் எல்லாம் ஒன்று கூடி, தங்கள் குலத்தின் பரம எதிரி யார் என்று ஒரு தேர்தல் வைத்தால் பூனைக்கு டெபாசிட் கூடத் தேறாது. பாம்பு, பருந்து, பொறி செய்கிற கம்பெனி எல்லாரும் வேட்புமனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். போட்டியே இல்லாமல் ஜெயிக்கப்போவது எலிக்காரர்தான். எமனுக்கே ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றால், எலிகள் பிரிவை நம்பி ஒப்படைத்துவிட்டுப் படுக்கக்கூடிய ஒரே மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் பார்வைக்கு எப்படி இருப்பார் என்றால், சட்டைப் பையில் மூடி தொலைந்த பேனாவும் அது வைத்த நீலக் கறையுமாக இருப்பார். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார். தெருவில் யாருக்கும் அவர் வேலை புரியாது. "எலி டாக்டர்" என்று ஆரம்பித்தார்கள், "எலிக்காரர்" என்பதில் வந்து நின்றுவிட்டது. அவர் மனைவி இரும்புச் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். செய்யாத பாவத்துக்கு அவரும் எலிக்காரம்மா ஆகிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"சார், எங்க சமையல் ரூம்ல ஒண்ணு சட்டியெல்லாம் உருட்டுது. வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்களேன்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க."

"எலி எலிதானே சார்?"

இந்தக் கேள்விக்கு எலிக்காரரிடம் இத்தனை வருடத்தில் ஒரு பதிலும் இல்லை.

உண்மையில் அவர் வேலை இதுதான். அவர் வளர்க்கிற கறுப்பு எலிகளின் உடம்பில் பிறக்கும்போதே ஒரு வைரஸ் குடியிருக்கிறது. எத்தனை தட்டினாலும் கதவைத் திறக்காத குடித்தனக்காரன் மாதிரி அது பாட்டுக்குத் தூங்கும். எலி மேல் எக்ஸ்ரே மாதிரியான கதிரைச் சில தடவை கொஞ்சம் பலமாகப் பாய்ச்சினால் குடித்தனக்காரன் விழித்துக்கொள்கிறான். சில மாதம் கழித்து எலியின் நெஞ்சுக்குள் ஒரு கட்டி வருகிறது. புற்றுநோய். அந்தக் கட்டியைக் கொண்டுவருவது கதிரா, கதிர் எழுப்பிவிட்ட வைரஸா, இல்லை இரண்டும் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலையா? விடை தெரிந்தால், கதிர் சிகிச்சைக்குப் போகிற மனிதர்களுக்கு என்றாவது ஒரு நாள் உதவும். "என்றாவது ஒரு நாள்" என்பதை எலிக்காரர் அழுத்திச் சொல்வார். மனைவி அதைவிட அழுத்திச் சொல்வார்.

சிக்கல் என்னவென்றால், அவர் எலிகளில் பாதிக்குத்தான் கட்டி வந்தது. மீதிப் பாதி, கதிர் பட்ட சுவடே இல்லாமல், கொழுகொழுவென்று கூண்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. மற்ற ஆராய்ச்சிக்கூடங்களில் இதே எலி, இதே கதிர், இதே அளவு. அங்கே அனேகமாக எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. பாதிக்கு வருவதும் பாதிக்கு வராததுமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு கதிரையும் சொல்ல முடியாது, வைரஸையும் சொல்ல முடியாது. இரண்டு வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கியது.

"ஊர்ல எல்லாரும் யாருக்கும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் வரலியேன்னு தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார் மனைவி.

"வரலியேன்னு இல்ல. ஏன் வரலைன்னு தெரியலியேன்னு."

"சோத்தை உருட்டாம சாப்பிடுங்க."

அவர் சாம்பிள் வைக்கிற ஃப்ரீசரைச் சந்தேகப்பட்டார். தீவனத்தைச் சந்தேகப்பட்டார். தீவனம் அனுப்புகிறவரோடு போனில் சண்டை போட்டார், பிறகு மறுபடி போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். வைரஸையே சந்தேகப்பட்டு, அதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். வைரஸ் யோக்கியமாகத்தான் இருந்தது. துறைத் தலைவர் இவரைவிட வயதில் இளையவர், ரொம்ப மரியாதையாகப் பேசுகிறவர். அந்த மரியாதைதான் பயமே.

"சார், மாசக் கடைசிக்குள்ள காரணம் சொல்லிடுங்க. இல்லைன்னா இதை மூடிடலாம். ரூம் எதுக்கு சும்மா கிடக்கணும்?"

ரூம் சும்மா கிடக்காமல் இருக்க ஏற்கெனவே ஆள் தயாராக இருந்தார். மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரம்மா. எலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த அம்மா அளவு டேப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"சார், காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க."

எலிக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார். நாற்காலிக்கு அடியில் டேப் ஓடியது.

"இந்த ஜன்னல் திறக்குமா சார்?"

"திறக்காது."

"நல்லதாப் போச்சு. தொட்டிக்கு வெயில் ஆகாது."

"எலிங்க இன்னும் காலி பண்ணலம்மா."

"சும்மா அளந்து வெக்கிறேன் சார். நீங்க இருங்க, இருங்க."

அன்று வீட்டுக்கு வந்து, காலண்டரில் மீன் படம் இருந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். வீட்டில் யாருக்கும் அந்த மாதம் முழுக்கத் தேதி தெரியவில்லை.

இப்போது பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலிகளைக் கதிர் எந்திரத்துக்குள் வைக்க வட்டமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. வெட்டி வைத்த கேக் மாதிரி உள்ளே தடுப்புகள். ஒரு துண்டுக்கு ஒரு எலி. முதல் நாளே எலிக்காரர் அந்தத் தடுப்புகளை உருவி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குப் படவும் இல்லை. கதிர் மழை மாதிரி, எல்லார் தலையிலும் ஒன்றாகத்தானே விழும்.

எந்திரம் இருக்கிற அறைக்கு வெளியே ஒரு சின்னத் திரை இருக்கிறது. உள்ளே நடப்பது அதில் தெரியும். எந்திரத்தை ஓட்டுகிற பெண் டீ குடித்துக்கொண்டே எண்களைக் கவனிப்பாள். எலிக்காரர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்ச் சுவரில் தீ விபத்து அறிவிப்பைப் படிப்பார். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. வீட்டில் பால் பொங்கினால்கூட, "பதற்றப்படாமல் அருகில் உள்ள வாசலை நோக்கி நடக்கவும்" என்று சொல்கிற அளவுக்கு அது அவருக்கு மனப்பாடம்.

கடைசி முயற்சியாக அந்த மாதம் ஒரு புது வரிசை எலிகளைக் கொண்டுபோனார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து திரும்பினால், சுவரில் அறிவிப்பு இல்லை.

"போர்டு எங்கம்மா?"

"பெயின்ட் அடிச்சிருக்காங்க சார். காஞ்சதும் மாட்டுவாங்க."

எலிக்காரர் வெறும் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். படிக்க ஒரு எழுத்தும் இல்லை. வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தார்.

பெட்டிக்குள் எலிகள் பரவி நிற்கவில்லை. நடுவில் ஒரே குவியலாகக் கிடந்தன. கொழுத்தது ஒன்று மற்றவற்றின் வயிற்றுக்கு அடியில் தலையைக் கொடுத்து, முட்டி முட்டி அடியில் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காது கிழிந்த ஒரு நோஞ்சான் மட்டும் இடம் கிடைக்காமல் மேலேயே ஏறி ஏறிச் சறுக்கியது. மேலே கிடப்பவன் கீழே கிடப்பவனுக்குக் குடை. கட்டி வராமல் கூண்டில் ஓடி விளையாடியவை எல்லாமே கொழுத்தவை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அதே கெட்டிக்காரர்கள் அடியில், அதே ஏமாளிகள் மேலே.

நிரூபிக்க வேண்டுமே. அவருடைய மகளின் அலமாரியில் ரப்பர் எலிகள் ஒரு பாக்கெட் இருந்தன. எதற்கு என்று கேட்டால் அறிவியல் கண்காட்சிக்கு என்பாள். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கண்காட்சி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை, கணக்கு டீச்சர் ஒருமுறை கைப்பையைத் திறந்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றதோடு சரி. எலிக்காரர் அந்த ரப்பர் எலிகளின் வயிற்றைக் கீறி, தண்ணீர் நிரப்பி, கதிரை அளக்கும் சின்னச் சில்லு ஒன்றை ஒவ்வொன்றிலும் வைத்து ஒட்டி, குவியலாக அடுக்கி எந்திரத்துக்குக் கொண்டுபோனார்.

"சார், இது பொம்மை" என்றாள் எந்திரக்காரப் பெண்.

"தெரியும்மா."

"நீங்க லீவு எடுத்தே ரொம்ப நாள் ஆச்சு, இல்ல?"

அடியில் கிடந்த பொம்மைகளுக்கு, மேலே கிடந்தவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் கதிர் போயிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காரணத்துக்கு முகம் என்று ஒன்று இருந்தது. அது அவர் முகம்.

பெட்டி பழசு. வெந்நீரில் கழுவிக் கழுவித் தடுப்பு வளைந்துவிட்டது என்று ஒரு வரி சொன்னால் போதும், ஆராய்ச்சி பிழைக்கும், அறை பிழைக்கும், புதுப் பெட்டி வரும். பஸ்ஸில் போகும்போது அந்த ஒரு வரியை வாய்க்குள் நன்றாகச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

தலைவர் எண்களைப் பார்த்து முடித்தார். "தடுப்பு ஏன் சார் இல்ல?"

"எடுத்துட்டேன்."

"பழைய பெட்டிதானே, வளைஞ்சு போயிருக்கும்" என்று தலைவரே வழி காட்டினார்.

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"தனித்தனியா விட்டா நடுங்குதுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கட்டி வர வெக்கறதுக்காகக் கொண்டுபோற எலி சார் அது."

"ஆமா."

"அது அஞ்சு நிமிஷம் நடுங்கினா என்ன?"

பக்கத்து வீட்டுக்காரரின் "எலி எலிதானே சார்?" மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது எலிக்காரருக்கு.

இரண்டு வருடக் கணக்கும் குப்பைக்குப் போனது. அறை மீன்களுக்குப் போனது. எலிக்காரருக்குக் கூண்டு கழுவுகிற அறையில், நீராவி அடிக்கிற மூலையில், அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கினார்கள். அந்தத் தட்டில் எத்தனை எலி கொள்ளுமோ அத்தனையை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். "தடுப்போட" என்றார் தலைவர். "தடுப்போட" என்றார் எலிக்காரர்.

அன்று சாயங்காலம் அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். மகள் ஹாலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்.

"வளைஞ்சிருச்சுன்னு சொல்லியிருந்தா?"

"ரூம் இருந்திருக்கும்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே."

"வாய் வரைக்கும் வந்துச்சு." ஒரு வெங்காயத் தோலை எடுத்துக் கிழித்தார். "ரூமை விடு. எனக்கு என் மேலதான் ஆத்திரமா வருது. நடுங்கட்டும்னு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு விட்டிருந்தா இதோட முடிஞ்சிருக்கும். இரக்கப்படறேன்னு நான் பண்ணின கூத்துல இத்தனை எலி சும்மா செத்துது. ஒண்ணுக்கும் ஆகாம. இனிமே இன்னொரு கூட்டத்தைக் கொல்லணும்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். "அந்தக் காது கிழிஞ்சதுக்கு வருமா?"

"முதல்ல அதுக்குத்தான் வரும்."

வெங்காயம் அரிகிற சமையலறையில் யாருடைய கண் எதற்காகக் கலங்கியது என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு வசதி.

ஞாயிற்றுக்கிழமை, எலிக்காரர் பேனா மூடியைத் தேடிக்கொண்டு மகளின் மேஜைக்கு வந்தார். மூடி கிடைக்கவில்லை, இந்தக் கதை எழுதிய தாள்கள் கிடைத்தன. நின்றபடியே படித்தார். தேர்தலில் தான் ஜெயித்ததைப் படித்து மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

"அறிவியல் கண்காட்சியா?"

"ம்."

"நல்லா இருக்கு."

அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது நான் உங்க அம்மாகிட்ட மட்டும் சொன்னது."

மகள் மேஜை டிராயரைத் திறந்து மூடினாள்.

"உலகம் தெரியாம உக்காந்திருந்தாளாம்" என்றார் எலிக்காரர். "என்ன பாட்டு?"

"என்னது?"

"கேட்டுக்கிட்டு இருந்தியே. என்ன பாட்டு?"

தெரிந்த பாட்டுகளில் ஒன்று கூட அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை.

"அந்த ஹெட்போன் ஒயர் எதுலயும் சொருகாம தரையில கிடந்துச்சு" என்றார் எலிக்காரர். "நான் அதைத் தாண்டித்தான் உள்ள போனேன்."