மீசையும் இருபத்தோரு கிலோமீட்டரும்

மார்கழிப் பனியில் தொடங்கும் ஓட்ட சீசன் மாசியோடு முடிந்துவிடும். பங்குனி வெயிலில் எங்கள் பக்கத்து நாய்கூட நிழல் பார்த்துத்தான் நடக்கும். அந்த வருடத்தின் கடைசி ரேஸ், சோழவரத்தில் கிளம்பி பெரியபாளையம் சாலையில் போய்த் திரும்பும் அரை மாரத்தான். அதில் என் மீசையைப் பந்தயம் வைத்திருந்தேன்.

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். திருவள்ளூர் டவுன்காரர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. அந்த சீசனில் நாங்கள் சேர்ந்து ஓடிய எல்லா ரேஸிலும் எனக்கு முன்னால் வந்தவர் அவர்தான். இன்ஜினியரிங் முடித்து, ஜிம்முக்குப் போய், புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிக்கும் எனக்கு கேன்டீனில் தலைகாட்ட முடியவில்லை. வாயாவது சும்மா இருந்ததா?

"க்கா, கடைசி ரேஸ்ல நீ என் முதுகத்தான் பாத்துகினு வரப்போற."

"உன் வாய்க்கு ஒரு ஷூ மாட்டி வுட்டா அதுதான்டா ஃபர்ஸ்ட்டு வரும். தோத்தா இன்னா தருவ?"

"மீசைய எடுத்துடறேன். நீ தோத்தா?"

"ஒரு வாரம் எல்லார் எதுர்லயும் உன்ன சார்னு கூப்புடறேன். போதுமா?"

கேன்டீனே தட்டைத் தட்டி அதை உறுதி செய்தது. அந்த மீசை லேசில் வந்ததில்லை. கல்லூரியில் எல்லோருக்கும் முளைத்த பிறகு, விளக்கெண்ணெய் தடவித் தடவி நான் வரவழைத்தது.

ரேஸ் அன்று விடியலில் எல்லாம் எனக்குச் சாதகமாக இருந்தது. ஏரிக்காற்று முதுகில் தள்ளியது. பாதியில் திரும்பும்போது எதிரே வந்த அக்காவுக்கு மீசையை முறுக்கிக் காட்டினேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பையைத் தட்டிக் காட்டி ஏதோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை, கவலையும் இல்லை.

இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி இருக்கும்போது, விடியலில் போனபோது காலியாகக் கிடந்த சாலையில் நெல் வந்தது. வழியைப் பார்க்க ஏற்பாட்டாளர்கள் வந்தது பொங்கலுக்கு முன்னால்; அப்போது நெல் வயலில் நின்றது. இப்போது அறுத்த நெல்லைப் பாதிச் சாலைக்குக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் வைக்கோல் டிராக்டர் ஒன்று பிதுங்கிக்கொண்டு எதிரே வந்தது. நெல்லின் மேல் எனக்கு முன்னால் போனவர்களின் ஷூ தடம். பக்கத்தில் துடைப்பத்தோடு ஒரு அம்மா, கண்ணில் கொலைவெறி.

"ஷூவோட ஏறுன, காலு இருக்காது! சோறு துன்றியா, வேற எதுனா துன்றியா?"

நானும் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளைதான். அவர் சொல்லாவிட்டாலும் ஏறியிருக்க மாட்டேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் பிடித்தேன்.

"வெறுங்கால்ல போறேம்மா."

"போறதுதான் போற, அப்படியே காலால துழாவிகினு போ நைனா."

நெல்லில் வெறுங்காலை வைத்ததும் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. காயும் நெல்லில் யாராவது ஓடுவார்களா? அடியில் கிடக்கும் நெல் மேலே வந்து காய, பாதத்தைத் தூக்காமல், இரண்டு பக்கமும் கோடு விழ, தேய்த்துத் தேய்த்து நடப்பதுதான் சின்ன வயதிலிருந்து பழக்கம். நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டு போனேன். நெல் முடிந்தது. அங்கே இறங்கி ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பதில், வீட்டில் செய்வதுபோலவே, திரும்பி அடுத்த கோட்டைப் போட ஆரம்பித்தேன்.

பாதி வந்த பிறகுதான் எதிரே அக்கா தெரிந்தார். டிராக்டர் போய்விட்டதால் காலியாக இருந்த பாதியில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"டேய்! இன்னாடா திரும்பி வர? ரேஸ் அந்தப் பக்கம்டா!"

"ஐயோ!"

"தம்பி," என்றார் அந்த அம்மா, "அந்தக் கோட்ட முடிச்சிட்டுப் போ. பாதியில வுட்டா பாக்க நல்லாவா இருக்குது?"

கோட்டை முடிக்காமல்தான் ஓடினேன். ஷூ போட நேரமில்லை. இரண்டு கையிலும் ஷூ ஆட, வெறுங்காலில் தார்ச்சாலையில் ஓடினேன். முன்னால் அக்கா சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். இடைவெளி குறைந்தது. முடிவுக் கோட்டுக்கு முன்னால் அவர் தோள் பக்கம்வரை வந்துவிட்டேன். அங்கே கொட்டிக் கிடந்த ஜல்லியில் கால் பட்டது. "அம்மா" என்று நான் துள்ளிய நேரத்தில் அவர் கோட்டைத் தாண்டிவிட்டார்.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அக்கா இடுப்புப் பையைத் திறந்தார். உள்ளே புது ரேசர். இருபத்தோரு கிலோமீட்டரும் அதைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறார்.

"அடிப்பாவி! முன்னாடியே எடுத்துகினு வந்துட்டியா?"

"நீ திரும்பி வரும்போது காட்னேனே, பாக்கல? குந்து. தண்ணி நான் ஊத்தறேன்."

மெடலோடு கொடுத்த பாட்டில் தண்ணீரை அக்கா ஊற்ற, முகத்தை நனைத்து, ஆட்டோ கண்ணாடியைப் பார்த்து நானே எடுத்தேன். ஆட்டோக்காரர் சவாரியைக்கூட விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வீட்டு வாசலில் அம்மா என்னை ஒரு நிமிடம் அந்நியனைப் போலப் பார்த்தார்.

"இன்னாடா இது, உரிச்ச கோழியாட்டம்?"

டிராக்டர், நெல், அக்கா, ஜல்லி என்று ஒன்று விடாமல் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். மெடலை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"ஊராங்க நெல்லுக்கு ஒன்னரைக் கோடு போட்டுட்டு வந்துக்கிற. நம்ம நெல்லு மாடியில கெடக்குது. மீசதான போச்சு, காலு இருக்குதில்ல? ஏறு மேல."

ஷூ ஏற்கெனவே கையில்தான் இருந்தது. அப்படியே ஏறினேன்.