டைம்லைனில் செத்துப்போன ஏகாம்பரம் அண்ணன்

ஏகாம்பரம் அண்ணன் தன் சாவுச் செய்தியைப் பெரிய டிவியில் படித்தபோது நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரி வரப்போகிறது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எழுத வேண்டியது இதைத்தான்.

1. வேலை யாருக்குப் போனது

ஆரணியில் பட்டுக் கடைகளுக்கு வெப்சைட் செய்யும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. பாஸ்கர் சார் முதலாளி, நான் சீனியர். என்னை விட்டால் ஆள் இல்லை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், செல்வம் வரும்வரை.

செல்வத்துக்கு என் வயதுதான். களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் லோடு என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் தானாகவே கோடிங் கற்றுக்கொண்டு வந்தார். மூன்றே மாதத்தில் பாஸ்கர் சார் எதற்கெடுத்தாலும் "செல்வத்தக் கேளுங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அப்போது பழைய பட்டுக் கடை ஒன்றிலிருந்து பெரிய வேலை வந்தது. கடையின் கதை முழுவதும் ஒரு டைம்லைனாக வெப்சைட்டில் வரவேண்டும். விரலால் தள்ளினால் வருஷங்கள் நகரவேண்டும், விரித்தால் மாதங்கள் தெரியவேண்டும், ஒரு புள்ளியைத் தொட்டால் படமும் செய்தியும் திறக்கவேண்டும். கடையின் பெரிய முதலாளி தாத்தா காலத்திலிருந்து எழுதி வரும் குடும்ப நோட்டைக் கொடுத்து, "இதுல இருக்கறது ஒண்ணு விடாம வரணும்" என்றார்.

தறிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவள் நான். அந்தக் கடைக்கு என் அப்பா புடவை நெய்து கொடுத்திருக்கிறார். வேலையோ செல்வத்துக்குப் போனது. என்னிடம் பாஸ்கர் சார், "நீங்க கடைசில ஒரு செக்கிங் மட்டும் பாத்துடுங்க மேடம்" என்றார். வயிறு எரிந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

2. பன்னிரண்டாவது வரி

நோட்டில் பல தேதிகள் தமிழ் வருஷத்தில் இருந்தன. தமிழ் வருஷத்தின் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தாரண என்றால் தாத்தா காலத்துத் தாரணவா, நம் காலத்துத் தாரணவா என்று புரோகிராமுக்குத் தெரியாது. செல்வம் அதற்கு ஒரு விதி வைத்தார்: நோட்டின் முன்பக்கங்களில் இருந்தால் பழைய சுற்று, பின்பக்கங்களில் இருந்தால் புதிய சுற்று. கெட்டிக்கார விதிதான். ஆனால் நெசவுக் குடும்பங்களின் பழைய நோட்டைப் பார்த்தவருக்கு ஒன்று தெரியும். நல்லதை முன்பக்கத்திலிருந்து எழுதுவார்கள். சாவை எழுத நோட்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே பக்கத்தில் சேரக்கூடாது என்பதற்காக.

நோட்டைப் பார்த்துச் செல்வம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த ஷீட்டில் பன்னிரண்டாவது வரி: "தாரண வருஷம், மாசி. தம்பி ஏகாம்பரம் காலம்." இது தாத்தாவின் தம்பி, சின்ன வயதில் போனவர். மற்ற சாவுகளுக்கு இங்கிலீஷ் தேதியும் இருந்ததால் சரியாக விழுந்தன. இது ஒன்று மட்டும் அறுபது வருஷம் தள்ளி வந்து விழுந்திருந்தது. செத்துப்போன அந்தச் சின்னத் தாத்தாவின் பெயரைத்தான் பெரிய முதலாளியின் தம்பிக்கு வைத்திருந்தார்கள். அந்த ஏகாம்பரம் அண்ணன் தினமும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். செல்வம் அவரைப் பார்த்ததே இல்லை.

பார்த்த உடனே, தப்பு என்று காட்ட அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் கலர் அடித்தேன். அப்புறம் டைம்லைனைத் திறந்தேன். நான் செய்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. விரலுக்கு வெண்ணெய் போல நகர்ந்தது. புள்ளிகள் நெருங்கும் இடத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தானாக ஒதுங்கின. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மஞ்சளை எடுத்துவிட்டேன்.

"பாத்துட்டீங்களா மேடம்?" என்று செல்வம் கேட்டார்.

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

3. கடையில்

வெப்சைட் திறப்பு விழா என்று கடையில் டிவிக்கு மாலை போட்டிருந்தார்கள். குடும்பமே உட்கார்ந்திருந்தது. செல்வம் தள்ளத் தள்ள, "தோ பாரு, நம்ம பழைய கடை" என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு அந்தப் புள்ளி திறந்தது.

இருபது வருஷத்துக்கு முந்தைய தேதியில் "தம்பி ஏகாம்பரம் காலம்" என்று வந்தது. ஏகாம்பரம் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "இருபது வருசமா செத்துப்போயா நான் கடைக்கு வந்துகினு இருக்கேன்?"

அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். பெரிய முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "இன்னா சார் இது? விசேஷம் வெச்சிருக்கற நேரத்துல உசுரோட இருக்கறவன சாவடிச்சிருக்கீங்க. ஒருத்தர் பாக்க மாட்டீங்களா?"

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். "என் கண்ணுல படல சார்" என்றேன்.

"தப்பு என்னுதுதாங்க" என்றார் செல்வம். டிவியை அவரே அணைத்தார்.

4. ஆசைப்பட்டது கிடைத்தது

மறுநாள் பாஸ்கர் சார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். செல்வத்தை இனி பெரிய வேலைக்கு அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னார். நான் கேட்டிருந்தால்கூட இவ்வளவு கிடைத்திருக்காது.

செல்வம் இரண்டு நாள் உட்கார்ந்து தன் புரோகிராமை எனக்கு விளக்கினார். ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்குப் புரியாத இடத்தில் மறுபடி சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மேடம், யார் எத மாத்துனாலும் ஷீட்ல அதோட ஹிஸ்டரி இருக்கும். பன்னெண்டாவது வரிக்கு நீங்க மஞ்சள் அடிச்சதும் அதுல இருக்கு, எடுத்ததும் இருக்கு. நான் யாராண்டயும் சொல்லல. ஏன்னும் கேக்கல."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் பையை எடுத்துக்கொண்டு களம்பூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பாஸ்கர் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இத என்கிட்ட சொன்னா பத்தாது. கடைக்கே போய் சொல்லுங்க" என்றார் அவர்.

கடையில் ஏகாம்பரம் அண்ணன் மட்டும் இருந்தார்.

"அண்ணே, அந்தத் தப்ப நான் முன்னாடியே பாத்தேன். வேணும்னே சொல்லல."

"ஏம்மா?"

"பொறாமைங்க."

அவர் விரித்து வைத்திருந்த புடவையை மடித்து ஓரமாக வைத்தார். "அவரு வேல அவ்ளோ நல்லாவா இருக்குது?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்றுதான் போயிருந்தேன். இத்தனை மாதத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட.

"ஆமாங்க. எனக்கு அப்பிடி வராதுங்க."

"அப்ப அவரையே வந்து முடிக்கச் சொல்லு. அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்."

செல்வமே முடித்தார். எந்தத் தேதி எந்தச் சுற்று என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அவருடைய அடுத்த வேலையைப் பார்த்தபோதும் எரிந்தது. ஆனால் அதில் மூன்று தப்புகள் இருந்தன, மூன்றுக்கும் மஞ்சள் அடித்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிட்டேன்.