செவ்வாய் இரவு இரண்டு மணி

பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியும் தனக்கு என்ன வரும் என்று அனுசியாவுக்குத் தெரியவில்லை. இலஞ்சியில் அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தாவரவியல் படித்தாள். தென்காசியில் மூன்று இடத்தில் நேர்முகம் போய் வந்தாள். பிறகு, பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, இலவச வீடியோக்களைப் பார்த்துப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க உட்கார்ந்தாள்.

முதல் நாள் திரையில் தன் பெயரை வரவைத்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் ஒரு வரியின் முன்னால் இடம் விட மறந்து, ஒரு மத்தியானம் முழுக்க அந்தத் தவற்றைத் தேடினாள். வீடியோக்காரர் மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். யாரோ பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டி நமக்கு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்குப் புரிகிற மாதிரி நமக்கும் புரிகிறதா, இல்லை பார்த்து எழுதுகிறோமா?

அவள் அப்பா பரமசிவன்தான் குளத்துப் பாசனத்துக்கு நீர்ப்பாய்ச்சி. தை மாதம் குளத்தில் தண்ணீர் இறங்கியதும் முறை வைப்பார்கள். ஏக்கருக்கு மூன்று மணி நேரம், பதினான்கு பேர், இரவும் பகலும் மாறி மாறி. யாருக்கு எப்போது என்று ஒவ்வொரு முறையும் அவர் காகிதத்தில் எழுதுவார். ஒருவர் அரை மணி கூடக் கேட்டால் கீழே உள்ள எல்லாவற்றையும் அடித்துத் திருத்த வேண்டும்.

"இதை நான் எழுதித் தாரேன்ப்பா" என்றாள்.

"நீ எழுதுவியா, உன் பெட்டி எழுதுமா?"

"ரெண்டு பேரும்."

முதல் பட்டியலைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இருபத்தாறு மணியா? நம்ம இலஞ்சிக்கு மட்டும் ஆண்டவன் ஒரு நாள்ல ரெண்டு மணி கூடப் போட்டிருக்கானா?"

மணியை இருபத்து நான்கால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும் என்று அன்று மாலை கண்டுபிடித்தாள். மறுநாள் பட்டியல் ஒழுங்காக வந்தது. முதல் நான்கு பெயரைத் தன் கணக்கோடு ஒத்துப் பார்த்து, "சரி, இந்த ஒரு முறைக்கு உன்னோடது. பிசகுச்சுன்னா மறுபடி என் காகிதந்தான்" என்றார் பரமசிவன். திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் மடையைத் திறந்தார். பட்டியல் எல்லாருடைய போனுக்கும் போனது.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அப்பா கூப்பிட்டார். "ஏட்டி, வயலுக்கு வா."

பதினான்கு பேரில் ஒருத்தியான மாரித்தாயின் அறுபது சென்ட் வயல் காய்ந்து கிடந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். அடுத்த முறை வர இன்னும் எட்டு நாள் ஆகும். மாரித்தாய்க்கு அடுத்து, கீழே இருந்த நாகராஜன் வயலில் வரப்பு முட்டத் தண்ணீர் நின்றது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு நீ ஏன் வரல?" என்றார் பரமசிவன்.

"என் முறை இன்னைக்கு ராத்திரிதான அண்ணாச்சி?" மாரித்தாய் போனை நீட்டினாள். செவ்வாய் இரவு 2 மணி.

அனுசியா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். நள்ளிரவு தாண்டினால் கணினிக்குச் செவ்வாய் பிறந்துவிடும். இந்த வயல்களிலோ விடிந்தால்தான் அடுத்த கிழமை. ஆறு மணிக்கு மடை திறப்பதுதான் நாள் தொடங்குவது. அப்பா காகிதத்தில் அதைத் 'திங்கள் இரவு' என்றுதான் எழுதியிருப்பார். பிறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் பேசுகிறாள். எழுதும்போது மட்டும் அதை எங்கே விட்டாள்?

"எனக்கு 'செவ்வாய் காலை'ன்னு போட்டிருந்துச்சு, நான் நாலு மணிக்கு வந்தேன். அதுக்கு முன்னாலயே கணுக்கால் தண்ணி" என்றார் லீவில் வந்திருந்த போலீஸ்காரர் நாகராஜன். "சத்தியமா நான் திருடல, மதினி."

"போலீஸே இப்படிச் சொன்னா நான் எங்கன போய் புகார் குடுக்க?"

நாகராஜனின் நேரம் எட்டு மணிக்கு முடிகிறது. அதன் பின் மாரித்தாய்க்கு இரண்டு மணி நேரம் விடலாம். ஆனால் மீதி ஏழு பேரும் தள்ளிப் போவார்கள், எட்டு மணிக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பரமசிவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"அரை மணி நேரம் குடுங்கப்பா."

அவர் பேனாவை எடுத்துவிட்டார். ஆனால் எழுதவில்லை. "போ, சீக்கிரம்."

ஓடினாள். அவசரத்தில் முதலில் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டாள். கிழமையைக் கணக்கிடும் வரியில் மட்டும் ஆறு மணி நேரத்தைக் கழித்தாள். மாரித்தாய் பெயரை நாகராஜனுக்குக் கீழே இறக்கி, இரண்டு மணியிலிருந்தே தண்ணீர் போன அவர் நேரத்தை நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாக்கினாள். அவ்வளவுதான். இந்த முறை முதல் நான்கு பெயரோடு நிற்காமல், நள்ளிரவுக்குப் பின் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழே முக்காலுக்குப் பட்டியல் போனது, 'மாறியிருக்கு, பழசைப் பாக்காதீங்க' என்ற வரியோடு.

எட்டு மணிக்கு நாகராஜன் தன் வாய்மடையை மண்வெட்டியால் அடைத்தார். "அடுத்த முறை எனக்கு ரெண்டு மணி குறைச்சுப் போடும்மா. இப்பவே நிறைஞ்சு கெடக்கு." மாரித்தாயின் வயலுக்குள் வெடிப்புகளைத் தேடித் தேடித் தண்ணீர் நுழைந்தது.

"மன்னிச்சிருங்க அத்தை" என்றாள் அனுசியா.

மாரித்தாய் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே கேட்டாள். "இப்பவாவது உன் பெட்டிக்கு விடிஞ்சிருச்சாடி?"

"விடிஞ்சிருச்சு."

போன் அதிர்ந்தது. கடைசி ஆள் எழுதியிருந்தார், தனக்கு முந்தினவரோடு முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று. அப்பா அந்தப் போனை வாங்கிப் படித்துவிட்டு, காகிதம் கேட்காமல், அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இவங்க அடிக்கடி மாத்துவாங்க. அதுக்கு உன் பெட்டியில வழி இருக்கா?"

"இல்லப்பா. இன்னும் எனக்குத் தெரியாது" என்றாள். அப்படிச் சொன்னபோது, இரண்டு வருடத்தில் முதல் முறையாக, அது அவளுக்குக் கூச்சமாக இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, யாரோடு யார் மாற்றிக்கொள்வார்கள் என்று அப்பாவிடம் கேட்கத் தொடங்கினாள்.