கோழித்துரையின் சிரிப்பும் அம்மாவின் சிரிப்பும்

சிவகாசிப் பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த அன்று நல்ல மழை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மழை வருஷத்துக்கு இரண்டு முறை பெய்தாலே அதிகம். பேருந்தை விட்டு இறங்கி நடந்து வந்ததில் புடவையெல்லாம் நனைந்து, சொட்டச் சொட்டத் தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்றேன். அவர் இங்கிலாந்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இளவயதிலேயே இங்கே வந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்களிடமே தமிழ் கற்றவர் என்பதால் எங்களைப் போலவே பேசுவார். எல்லாரும் அவரை அம்மா என்றுதான் அழைத்தோம்.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "என்ன டீச்சர், வெளிய தூறுதோ?"

"இல்லம்மா, நல்ல மழை."

"அப்படியா. நல்லவேளை சொன்னீக" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அது கேலி என்று எனக்கு விளங்க ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் என்னைக் கண்டிக்கிறார் என்றே நினைத்து, இருமுறை அழுதிருக்கிறேன். முகத்தில் ஒரு கோடு அசையாது. குரல் ஏறாது, இறங்காது. அவர் சொன்னது வேடிக்கையா உத்தரவா என்று யோசிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

அறுபதுகளின் நடுவில் பக்கத்துக் கிராமமான நாரணாபுரத்துக்கு ஓர் அமெரிக்க இளைஞர் வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோழி வளர்க்க விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. ஊர் அவருக்குக் கோழித்துரை என்று பெயர் வைத்தது. அவருடைய தமிழ் புத்தகத்தில் படித்தது. "ஆசிரியை அவர்களே, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று என்னை நடுரோட்டில் கேட்டார். சைக்கிளில் வரும்போதே கையை விட்டுவிட்டு வருவார். வேலியில் போய் விழுந்தால் எழுந்து நின்று, பார்த்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடுவார். சேவல் தன்னைத் துரத்திய கதையை அவர் சொன்னால், சேவலும் அவரே, ஓடுகிறவரும் அவரே. முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இது சிரிக்க வேண்டிய இடம் என்று அவரே காட்டிக்கொடுத்துவிடுவார்.

அந்த வருஷம் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு சின்ன நகைச்சுவை நாடகம் எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னார். ஒரு வைத்தியரும் நோயாளியும். வைத்தியராக அம்மா, நோயாளியாகக் கோழித்துரை. முதல் ஒத்திகையிலேயே தகராறு வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து மூன்று தடவை விழப்போவதாகக் கோழித்துரை சொன்னார்.

"ஒரு தடவை போதும். அதுவும் விழப்போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது" என்றார் அம்மா. அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"தெரிந்தால்தானே சிரிப்பு? இதோ விழப்போகிறான், இதோ விழப்போகிறான் என்று எல்லாரும் காத்திருக்க வேண்டும்."

"நோயாளிக்குத் தான் வேடிக்கையானவன் என்பது தெரியக் கூடாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது."

கோழித்துரை என் பக்கம் திரும்பினார். "இவர்கள் நாட்டில் சிரிப்பதற்கு விண்ணப்பம் போட வேண்டுமா?"

"இரண்டு பிரதிகள்" என்றார் அம்மா.

நான் உள்ளுக்குள் கோழித்துரை கட்சிதான். அம்மா நாடகத்தைக் கெடுத்துவிடுவார் என்று பயந்தேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாரணாபுரத்தில் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. ஒரே வாரத்தில் கோழித்துரையின் கொட்டகையில் இருந்த அத்தனை கோழிகளும் செத்துப்போயின. சனிக்கிழமை காலையில் செய்தி வந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் புறப்பட்டார். கொட்டகை வாசலில் கோழித்துரை மண்ணில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல். அம்மா சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலைச் சாப்பாட்டுக்கு முட்டை கிடைக்காது போலிருக்கிறது" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. செத்த வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன்.

அம்மா கவுன் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டத் தொடங்கினார். கரிசல் மண், காய்ந்து பாறையாகக் கிடந்தது. நான் மண்ணை அள்ளிப் போட்டேன். வெயில் ஏறியது. அவர் உள்ளங்கை கொப்பளித்ததைப் பார்த்தேன், நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கோழித்துரை வந்து மண்வெட்டியைக் கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. அவர் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொன்று வாங்கி வந்தார். இருவரும் சேர்ந்து வெட்டினார்கள்.

குழி இடுப்பளவு ஆனபோது கோழித்துரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, முகத்தை அசைக்காமல், "மதியச் சாப்பாட்டுக்காவது முட்டை கிடைக்குமா?" என்று கேட்டார்.

"விசாரித்துச் சொல்கிறேன்" என்றார் அம்மா.

கோழித்துரை சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. அம்மா வேறு பக்கம் திரும்பி, அவர் அழுது முடிக்கும்வரை வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மூவருமாகச் சுண்ணாம்பு தூவிக் கோழிகளைப் புதைத்தோம்.

திரும்பும் வழியில் வண்டியில் அம்மா தானாகவே ஒன்று சொன்னார். உலகப் போர் நடந்த காலத்தில் இங்கிலாந்தில் அவர்கள் வீட்டுத் தெருவில் குண்டு விழுந்ததாம். அவருடைய தாயார் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் அதைப் பற்றி இருந்ததாம்: இனிமேல் ஜன்னல் துடைக்கிற வேலை மிச்சம். "அதைப் படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு இறங்கல டீச்சர்" என்றார்.

கோழித்துரை தன் வேதனையைப் பெரிதாக்கி எல்லார் முன்னாலும் வைத்து விழுந்து புரண்டு சிரிக்கிறவர். அம்மாவின் நாட்டில் அதைச் சுருக்கி, மடித்து, கைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இருவரும் மறைப்பது ஒன்றையேதான் என்று அன்று வண்டியில் எனக்குத் தோன்றியது.

நாடகத்தைக் கைவிடவில்லை. ஆண்டுவிழா மாலையில் பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு கம்பெனியிலும் வேலை முடித்து, கையில் வெடிமருந்து வாசத்தோடு வந்தவர்கள். கோழித்துரை நொண்டிக்கொண்டு மேடையேறினார். தலைவலி, கைவலி, கால்வலி, நெஞ்சுவலி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்த வலி என்று புலம்பி மூன்று தடவை விழுந்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். அம்மா கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, நான் எழுதாத ஒரு வரியைச் சொன்னார்.

"கொஞ்சம் அசதியா இருக்கும். நாளைக்கு வேலைக்கு வந்துரு."

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி மைதானம் முழுவதும் பரவியது. காய்ச்சலோடு லீவு கேட்டுப் போன ஒவ்வொருவரும் அதே வார்த்தையை எங்கேயோ ஒரு போர்மேன் வாயிலிருந்து கேட்டிருந்தார்கள். கோழித்துரை அடுத்த வசனத்தை மறந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பள்ளி ஆயாவிடம் எது நன்றாக இருந்தது என்று கேட்டேன். அவள் வீட்டில் எல்லாரும் தீப்பெட்டி வேலைதான்.

"ரெண்டுந்தான் டீச்சர். தொரை விழுந்ததுக்கு அங்கனயே சிரிச்சு முடிச்சிட்டோம். அம்மா சொன்னதுக்கு வீட்டுக்குப் போயும் சிரிச்சோம். எங்க அக்கா மட்டும் அளுதுட்டா."

கோழித்துரை ஊசி மருந்து வரவழைத்து மறுபடியும் கோழி வளர்த்தார். அவை பிழைத்தன. அடுத்த வருஷம் அவர் ஊருக்குப் புறப்பட்டபோது அம்மாவும் நானும் சாத்தூர் ஸ்டேஷனுக்குப் போனோம். எல்லாரையும் கட்டிப்பிடித்தார், போர்ட்டரைக்கூட. ரயில் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஏமாற்றமாக இருக்கிறது" என்றார்.

கோழித்துரை சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கார்டு விசில் ஊதும்வரை அப்படியே நின்றார். ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகு, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேனா என்று அம்மா என்னைக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். இருவரும் பஸ் ஏற நடந்தோம்.