ஓடைக்கரையில் நாலு சால் பருத்தி

ஒரே ஓடை, ஒரே மழை. மேலத்துறையில் குடித்த ஆடு பிழைக்க, கீழத்துறையில் குடித்த ஆடு சாவானேன்? 2005 கார்த்திகையில் இந்தக் கேள்வி பொன்னுத்தங்கத்தை உட்காரவிடவில்லை.

சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டு ஊர். பன்னிரண்டு ஆடுகள்தான் அவள் பிழைப்பு. கணவன் நாகையாவுக்கு ஓடையோரப் புஞ்சைக் காட்டில் மானாவாரிப் பருத்தி. பெருமழை வெறித்த மறுநாள் மந்தை இரண்டாகப் பிரிந்து, ஓடையின் மேல்பக்கத் துறையிலும் கீழ்ப்பக்கத் துறையிலும் தண்ணீர் குடித்தது. கீழத்துறைக்கு இறங்கிய மூன்றும் பொழுது சாய்வதற்குள் நுரை தள்ளிச் செத்தன.

மருந்துத் தண்ணி என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். பத்துப் பேர் பட்டாசுக் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். முன்னால் நின்றவள் அவள். போர்மேன் ஊர்க்காவலன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓடையைக் காட்டினான்.

"ஏத்தா, ஒங்க துறை ரெண்டும் மேல கெடக்கு, கம்பெனி கீழ கெடக்கு. தண்ணி எந்த ஊர்ல மேடேறுது? மருந்து எங்ககிட்ட மட்டுந்தானா? ஒங்க வீட்டுக்காரரு காட்டுக்குள்ள முதுகுல தெளிப்பான மாட்டிக்கிட்டு எளநியா அடிச்சிட்டு அலையுதாரு?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதன்பின் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடைக்குப் போய்விடுவாள். மேலத்துறைக்கு மேலேயும் பூச்சிமருந்து அடித்த காடுகள்தான். ஆனால் அங்கே கரை நெடுக நாணலும் கோரையும் மண்டியிருந்தன. காட்டுத் தண்ணீர் அதற்குள் தயங்கி, வண்டலை இறக்கிவிட்டு, மெல்ல ஓடையில் சேர்ந்தது. தவளை கத்தியது. இரண்டு துறைக்கும் நடுவில் நாகையாவின் காடு. அங்கே கரை மொட்டை. சரிவில் உழுத சால் வழியே கறுப்புத் தண்ணீர் நேராக ஓடைக்குள் பாய்ந்த தடம் இன்னும் காயவில்லை. மழைக்கு முந்தின நாள்தான் அவன் மருந்தடித்திருந்தான். ஒரு தவளைச் சத்தம் இல்லை.

நாலு சால் கூட விழுமே என்று போன ஆடியில் இந்தக் கரையிலும் நின்ற நாணலை அறுத்தது அவள் அரிவாள். இருக்கட்டுமே என்று நாகையா சொல்லத்தான் செய்தான்.

சிரித்தாலும் ஊர் விடவில்லை. கம்பெனியின் மேல் மனு எழுதிக் கைநாட்டுக்கு அவளைத் தேடிய காலையில் அவள் காட்டில் இருந்தாள். கரையோரத்து நாலு சால் பருத்தியையும் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அங்கே நடுவதற்கு மேலத்துறையிலிருந்து தோண்டி வந்த நாணல் கிழங்குகள் கிடந்தன.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? பூவும் மொட்டுமா நிக்கிற செடிய பிடுங்குத?" என்றான் நாகையா.

அவள் அடுத்த செடிக்குக் குனிந்தாள். மனுவில் அவள் கைநாட்டு விழவில்லை. ஏன் என்று ஊருக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை.